காய்ச்சலுக்கு மட்டும் இறங்குவார்

அவர் டீ குடிப்பதைப் பார்ப்பதற்கென்றே அடிவாரத்துக் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சைக்கிளில் வந்து கடைக்கு முன்னால் ஒரு வட்டம் அடிப்பார். கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டு வெளியே வருவார். இரண்டாவது வட்டத்தில் கிளாஸ் இவர் கைக்குப் போகும். அப்புறம் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, ஊதி ஊதி, நிதானமாகக் குடித்துக்கொண்டு நாலைந்து வட்டம். கடைசி வட்டத்தில் காலி கிளாஸ் கடைக்காரர் கைக்குத் திரும்பிவிடும். ஒரு சொட்டு சிந்தாது. மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் இருவரும் மலேரியா வேலையில் சீசன் ஆட்கள். வருஷத்தில் எட்டு மாதம் வேலை, நாலு மாதம் வீடு. மறு வருஷம் கூப்பிடுவார்களா என்பது கூப்பிடும்வரை தெரியாது. எனக்கு வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் வேலை. அவருக்கு ஜவ்வாது மலை ஊர்களில் வீடு வீடாகப் போய், காய்ச்சல் உண்டா என்று விசாரிக்கும் வேலை. காய்ச்சல் இருந்தால் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். வீட்டில் யார் யார், என்ன வயசு என்று அதில் எழுதியிருக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இந்த வேலையைச் சைக்கிளை விட்டு இறங்காமல் செய்ய முடியும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர் செய்தார். ஊருக்குள் நுழைந்ததும் மணியை அடிப்பார். வாசலில் சுற்றிக்கொண்டே, "மாமா இருமல் நின்னுச்சா? சின்னவன் சந்தையிலேந்து வந்துட்டானா? புதுப் பொண்ணு இன்னும் அம்மா வூட்லதான் கீறாளா?" என்று வீட்டில் உள்ள ஒவ்வொரு தலையையும் பெயர் சொல்லி விசாரிப்பார். பெண்கள் அட்டையைக் கழற்றி எடுத்து வந்து நீட்டுவார்கள். ஹேண்டில்பார் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அடுத்த வட்டத்தில் திருப்பித் தருவார். சைக்கிள் ஏறாத மேட்டு வீடு என்றால் ரோட்டிலேயே சுற்றிக்கொண்டு மணியடிப்பார். மேலிருந்து யாராவது அட்டையோடு ஓடி வருவார்கள். மலை சனங்கள் அவரை மாத்திரைக்காரர் என்று கூப்பிட்டார்கள். மாத்திரையின் கசப்புக்கு அவரைத் திட்டவும் செய்தார்கள்.

ஆனால் "காய்ச்சல்" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார். சேறா, முள்ளா என்று பார்க்கமாட்டார். கேரியரில் கட்டியிருக்கும் தகரப் பெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, குனிந்து வீட்டுக்குள் போய்விடுவார். அப்புறம் அரை மணி நேரமானாலும் வெளியே வரமாட்டார்.

ஒருமுறை எங்கள் ஆபிசர் ஜீப்பில் மலைக்கு வந்தவர், வழியில் இவரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். இவர் "வணக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஆபிசர் ஒரு கேள்வி கேட்பார். பதில் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து வரும். அடுத்த கேள்விக்கு இடப்பக்கத்திலிருந்து பதில். கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆபிசருக்கே தலை சுற்றிவிட்டது. "யோவ், இறங்கித்தான் பேசேன்யா!" என்று கத்தினார். "காய்ச்சல் எதுனா கீதுங்களா சார்?" என்று இவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆபிசர் நல்ல மனிதர், விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்போம்.

ஏன் இப்படி என்று நானே கேட்டிருக்கிறேன்.

"இறங்குனா மறுபடி ஏறணுமேப்பா" என்றார்.

இதற்கு மேல் ஒரு விளக்கமும் அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

இந்தப் பிடிவாதத்தில் எனக்குச் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ஒருநாள் ஜமுனாமரத்தூரிலிருந்து இருவரும் சேர்ந்து இறங்கி வந்தோம். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துவிடும் என்பதால், சைக்கிளுக்குப் பின்னால் ஒரு மரக்கிளையை வெட்டிக் கட்டி, ரோட்டில் இழுபட விட்டுக்கொண்டு வருவோம். மலையில் எல்லோரும் செய்வதுதான். என் கிளை அறுந்து போனது. வண்டி பிய்த்துக்கொண்டு ஓடி, ஒரு வளைவில் நான் கல்லில் போய் விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் திரும்பி வந்து என்னைச் சுற்றினார்.

"எலும்பு எதுனா ஒடிஞ்சிச்சா?"

"இல்லண்ணே. கொஞ்சம் தூக்கி வுடுங்க."

"காலை மடக்கு. நீட்டு. தோ, நல்லாத்தான கீது. துணி கட்டிகினு மெதுவா வா."

போய்விட்டார். மனிதர் இறங்கவே இல்லை. நொண்டிக்கொண்டு அடிவாரம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இந்த முழங்காலைக் காரணம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் காரணம் அது இல்லை.

அந்த வருஷம் எங்கள் பிரிவில் ஒரே ஓர் இடம் நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு வந்தது. சீசன் ஆட்களில் மூத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு இரண்டு பெண்கள். அடுத்த வருஷம் வயசு வரம்பைத் தாண்டிவிடுவார், அதற்குப் பிறகு நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. "சீசன் ஆளுக்கு எம் பொண்ணை எப்டி அனுப்புறது? வேலை நெலையாவட்டும், அப்பறம் பார்க்கலாம்" என்று என் மாமனார் ஆடிக்கு அழைத்துப் போன மகளைத் திருப்பி அனுப்பாமலே வைத்திருந்தார். பொங்கலுக்குப் போனேன், அவளைப் பார்க்கவிட்டார்கள், சாப்பாடு போட்டார்கள், தனியாகப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போளூர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் ரோஸ் தாளில் நோட்டீஸ் அடித்தார்கள். நெடுந்தூர சைக்கிள் போட்டி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி இறங்கி, மறுபடியும் ஏறி இறங்க வேண்டும். பொழுது விடியப் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் வந்து சேர வேண்டும்.

இதுவரைக்கும் சரி. இதற்குமேல் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருவர் ஊருக்கு வந்து, மைதானத்தில் ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றி ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிக் காட்டியிருந்தார். சைக்கிள்மேலேயே குளியல், சவரம், சாப்பாடு எல்லாம். ஒலிபெருக்கி கட்டி, சட்டையில் ரூபாய் குத்தி அதை நடத்தியதும் இதே மன்றம்தான். சைக்கிளில் சாதனை என்றால் கால் தரையில் படக்கூடாது என்பது அவர்கள் மண்டையில் அப்படியே பதிந்துவிட்டது. மைதானத்து விதியைத் தூக்கி மலைமேல் வைத்துவிட்டார்கள். அடிவாரத்தில் கையில் முத்திரை குத்தியதிலிருந்து மேலே கடைசி வளைவு தாண்டும்வரை, ஏற்றத்தில் கால் கீழே படக்கூடாது. பட்டால் அவுட். வளைவுக்கு வளைவு ஆள் நின்று பார்த்து எழுத வேண்டும். கியர் இல்லாத கறுப்பு சைக்கிளில் ஏறுகிறவன் இறங்கித் தள்ளித்தான் தீர வேண்டிய மலை அது. யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கென்றே பிறந்த ஓர் ஆள் எங்கள் ஆபிசில் இருந்தார்.

ஆபிசர் மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நம்ம ஆளு ஜெயிச்சிட்டான்னு வையி, பேப்பர்ல போட்டோ வரும். அந்தக் கட்டிங்கை ஒட்டி மேல எழுதறேன். அந்தப் போஸ்ட் அவனுக்குத்தான்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் தயாரானதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்குமென்று பின் சக்கரத்துக்குப் பெரிய ஃப்ரீவீலாகத் தேடிப் பிடித்து மாட்டினார். மட்கார்டையும் செயின் மூடியையும் கழற்றினார். கேரியரில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போவதற்கு முன்னால் நாலாவது வளைவுவரை ஏறி இறங்கினார். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று தறியில் நாடா ஓடுகிற மாதிரி போய்க்கொண்டே மேலே ஏறிவிடுவார். காலையில் கேழ்வரகுக் களி, மத்தியானம் சாமைச்சோறு, இடையில் வெல்லம். டீயை விட்டுவிட்டார். டீக்கடைக்காரர்தான் வருத்தப்பட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் மணல் மூட்டையை அவிழ்த்தார், தகரப் பெட்டியை அவிழ்க்கவில்லை.

"அண்ணே, அதுவும் பாரம்தானே. நாளைக்கு ஒரு நாள் வுட்டுட்டுப் போனா இன்னா?"

"அது இல்லாட்டி பேலன்ஸ் வராதுப்பா" என்றார்.

ஆனி மாதம். மலையில் சாமை விதைப்பு. எங்கள் ஆபிசிலிருந்தும் சிலரை வளைவுகளில் நிற்கக் கேட்டிருந்தார்கள். எனக்கு ஏழாவது வளைவு. ஒரு சிவப்புக் கொடி, ஒரு நோட்டு, ஒரு பென்சில். அந்த வளைவுக்கு மேலே மேட்டில் ஒரே ஒரு வீடு இருந்தது. அந்தப் பக்கம் நான் மருந்து அடிக்கப் போனதில்லை. அது அவர் சுற்று.

முதல் ஏற்றத்திலேயே பாதிப் பேர் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவன் என் வளைவில் வந்து நின்று, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவர் மூன்றாவதாக வந்தார். என்னைத் தாண்டும்போது மணியடித்துச் சிரித்தார். இறக்கத்திலும் மணியடித்தார். இரண்டாவது ஏற்றம் தொடங்கியபோது களத்தில் மூன்றே பேர் என்று கீழேயிருந்து வந்த பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவர்தான் முதலில் வருகிறாராம். பின்னால் லீவில் வந்த ஒரு பட்டாளத்துக்காரன், அவனுக்கும் பின்னால் ஒரு பால்காரன்.

உச்சி வெயில். நான் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். பொங்கலன்று பஸ் ஜன்னலுக்கு வெளியே தலை குனிந்து நின்ற என் மனைவியின் முகம் வந்து வந்து போனது. இன்று சாயங்காலம் அவர் கழுத்தில் மாலை விழும், அத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முன்கூட்டியே திட்டம் போட்டேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் எதற்கு இறங்குவார் என்பது எனக்குத் தெரியும். அதை மறந்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய்.

வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஆனால் ஓரத்துக்கு ஓரம் அதே நிதானம், பெடலில் அதே தாளம். வாயைத் திறந்து மூச்சு வாங்கக்கூட இல்லை. இதை நன்றாகக் கவனித்தேன், இன்றும் சத்தியம் செய்வேன்.

"அண்ணே" என்றேன். "மேல் வூட்ல காய்ச்சல்."

வளைவில் ரோடு அகலமாக, கொஞ்சம் மட்டமாக இருக்கும். அவர் நேராகப் போகாமல் அங்கே ஒரு வட்டம் திரும்பினார்.

"யாருக்கு?"

"சின்னப் பொண்ணு ஒண்ணு. நடுங்கிகினு கெடக்குதாம்."

இன்னொரு வட்டம். இந்த முறை என் முகத்தையே பார்த்துக்கொண்டு சுற்றினார். கீழ் வளைவில் பட்டாளத்துக்காரன் ஏறி வருவது தெரிந்தது. நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இறங்கினார். சைக்கிளைத் தடுப்புக் கல்லில் சாய்த்தார். பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார்.

"எழுதிக்கோ" என்றார். "ஏழாவது வளைவுல கால் பட்டுச்சின்னு எழுதிக்கோ."

எழுதினேன். பென்சில் முனை ஒடிந்தது, நகத்தால் கீறிக் கூர் செய்து எழுதினேன். அவர் ஒற்றையடிப் பாதையில் மேடேறிப் போனார். பட்டாளத்துக்காரன் தாண்டினான், பால்காரனும் தாண்டினான். அவர் திரும்பி வந்து கேட்டால், வழியில் போன ஒரு பொம்பளை சொன்னாள் என்று சொல்வதற்கு வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டேன்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "ஓடியா! சீக்கிரம் வா!"

ஓடினேன். அந்த வீட்டில் ஒரு பெரியவர் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை, விதைப்புக்குப் போயிருந்தார்கள். அவர் அதற்குள் ரத்தம் எடுத்து முடித்து, பெரியவரின் வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாத்திரை எறங்காது. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். கட்டிலைப் புடி" என்றார். கயிற்றுக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். புளி ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரியைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினேன். அந்தக் கொடி அன்றைக்கு அதற்காவது பயன்பட்டது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் இல்லை என்று போளூர் டாக்டர் சொன்னார்.

பரிசளிப்பு விழாவில் மாலை பட்டாளத்துக்காரனுக்கு. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். ஆபிசர் கூப்பிட்டு, "என்னய்யா இப்படிக் கோட்டை விட்டுட்டே?" என்று கேட்டார். அவர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவன் சொல்லலேன்னா அந்தப் பெரியவரு போயிருப்பாருங்க சார். போட்டியின்னும் பார்க்காம, எங்கிட்டயே துணிஞ்சி சொன்னான். இவனை மாதிரி ஆளுதாங்க டிபார்ட்மெண்டுக்கு வோணும்."

அந்த மேடை வெளிச்சத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஆபிசர் என் முதுகில் தட்டினார். கடமை தவறாத ஊழியர் என்று மேலே எழுதினார். இரண்டு மாதத்தில் அந்த இடம் எனக்கு வந்தது. சீசன் முடிந்து அவர் வீட்டுக்குப் போனார். மறு வருஷம் அவரைக் கூப்பிடவே இல்லை. என் மாமனார் தானே பஸ் ஏறி வந்து, மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நெலையான வேலைக்காரரு எங்க மாப்ள" என்று எதிர் வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு உயிர் பிழைத்தது. சின்னப் பொண்ணைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை, அதனால் அவருக்கும் சந்தேகம் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டால் நன்றாகத் தூக்கம் வந்தது. அவர் நஷ்டத்தை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அவர் போனதும் எனக்குக் கொடுத்தது அவருடைய சுற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலையேறி, வாசல் வாசலாக இறங்கி ஏறினேன். "மாத்திரக்காரரு எங்க?" என்று எல்லா ஊரிலும் கேட்டார்கள். முதல் சுற்றிலேயே ஏழாவது வளைவு மேல் வீட்டுக்குப் போனேன். பெரியவர் வெயிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மருமகள் அட்டையை எடுத்து வந்து கொடுத்தாள்.

அவர் கையெழுத்து. கோணலான, பெரிய பெரிய எழுத்து. பெரியவர் பெயர், மகன் பெயர், மருமகள் பெயர். அவ்வளவுதான். மூன்று பேர்.

"வேற யாரும் இல்லியாம்மா? சின்னப் பொண்ணு யாராச்சும்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார் தெரியாத மாதிரி கேக்குறீங்க? கல்யாணமாயி பத்து வருசமாவுது. அந்தக் கொடுப்பினைதான் எங்களுக்கு இல்லியே. மாத்திரக்காரருக்குத் தெரியும். தேன் குடுப்பாரு, வேர் குடுப்பாரு, வைத்தியர்கிட்ட எழுதிக்கூட வாங்கியாந்தாரு."

அட்டையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேனா, வாசலிலேயே வைத்தேனா, நினைவில்லை. ரோட்டுக்கு இறங்கி வந்து, அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே கல்லில் உட்கார்ந்தேன். எந்த வீட்டில் எத்தனை தலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்பது அவர் மனசை அறுத்த விஷயம். அந்த வீட்டைக் காட்டித்தான் சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னேன். சொன்ன அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வட்டத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதற்குத்தான்.

தெரிந்தும் இறங்கினாரா?

இரண்டு வருஷம் அவர் கண்ணில் படாமல் தப்பித்துத் திரிந்தேன். அவர் சைக்கிளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைச் சந்தைக்குக் கொண்டுபோய், புளி வாங்கி இறக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். சந்தை நாளன்று மலைக்குப் போகாமல் வேறு நாள் போனேன். ஆனால் இருப்பது ஒரே ரோடு. ஒருநாள் நான் ஏழாவது வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, பின்னால் மணி கேட்டது.

கேரியரில் இரண்டு உப்பு மூட்டை. தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வளைவில் ஒரு வட்டம் அடித்தார்.

"இன்னாப்பா, எப்டி கீற? கொழந்த பொறந்துச்சாமே?"

"அண்ணே, இறங்குங்களேன்" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, இறங்கினார். காய்ச்சல் என்ற வார்த்தை இல்லாமல் அவர் இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மூட்டைகள் சாயாமல் சைக்கிளை இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்த வூட்ல பொண்ணே இல்லியே அண்ணே. உங்களுக்குத் தெரியுமில்ல?"

அவர் மேல் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"தெரியும்."

"அப்பறம் ஏண்ணே இறங்குனீங்க?"

அவர் சிரித்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அட, அத்த ஏன் கேக்குற. அன்னிக்குக் காலு ரெண்டும் ஓஞ்சிப் போச்சிப்பா. ஆறாவது வளைவுலயே முடியல. எப்டிடா இறங்குறதுன்னு பார்த்துகினே வந்தேன். நல்ல நேரத்துக்கு நீ ஒரு சாக்கு குடுத்த. இல்லாட்டி நானே காலை ஊனிட்டு மானம் போய் நின்னிருப்பேன். அத்தப் போயி மனசுல வச்சிகினு கீறியா?"

சொல்லிவிட்டு என் தோளில் ஒரு தட்டு தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள நீட்டினேன். அதற்குள் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து, பெடலில் கால் வைத்து, இரண்டு தாவு தாவி ஏறிவிட்டார்.

ஏழாவது வளைவுக்கு மேலேதான் அந்த மலையிலேயே கொடுமையான ஏற்றம். இரண்டு உப்பு மூட்டைகளோடு அவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று ஏறிக்கொண்டிருந்தார். எட்டாவது வளைவு திரும்பி மறையும்வரை பார்த்தேன். கால் ஒருமுறைகூடத் தரையில் படவில்லை. நான் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தேன்.